கறுத்த ஆயிலும் கறைக்கண்டனும்

"அண்ணா, ஊத்துனது புது ஆயில்தானா? ஒரு லோடு போய்ட்டு வர்றதுக்குள்ள கறுத்துப் போச்சே!"

சங்ககிரியில் லாரி எஞ்சின் வேலை பார்க்கும் எந்தப் பட்டறைக்காரரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. எனக்கும் இது பழகிய கேள்வி. ஆயில் கேஜை உருவித் துணியில் துடைத்துக் காட்டும் ஓட்டுநரின் முகத்தில் சந்தேகம் அப்பிக் கிடக்கும். கறுப்பைக் கண்டதும் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் மனம் அவருக்கு மட்டுமா இருக்கிறது? இந்தக் கேள்விக்கு எஞ்சினை வைத்தும் பதில் சொல்லலாம், சைவ சித்தாந்தத்தை வைத்தும் சொல்லலாம். இரண்டும் ஓரிடத்தில்தான் போய்ச் சேர்கின்றன என்பது என் துணிபு.

முதலில் எஞ்சின். பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருளும் காற்றும் நன்றாகக் கலந்த பிறகே ஸ்பார்க் பிளக்கின் பொறி விழும். டீசலில் அந்த அவகாசம் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறு, பதினெட்டு மடங்கு இறுக்கி, 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சுகிறோம். பீய்ச்சிய இடத்தில் டீசல் மிகுதி, காற்றுப் பற்றாக்குறை. அங்கே முழுதாக எரியாதது கரியாகிறது. அந்தக் கரியில் பெரும்பகுதி சுடரிலேயே எரிந்துவிடும். மிஞ்சியதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் மட்டும் சிலிண்டர் லைனர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தில் ஒட்டிக்கொள்ள, பிஸ்டன் ரிங் அதை வழித்து அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அனுப்புகிறது. ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயுவும் தன் பங்குக்குக் கரியைக் கொண்டுவருகிறது. புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். பொருத்திய வண்டிகளில் இது இன்னும் கூடுதல்.

"ஃபில்டர் எதற்கு இருக்கிறது?" என்று கேட்பார்கள். ஆயில் ஃபில்டர் பத்து, இருபது மைக்ரான் அளவுள்ள தூசிக்கும் இரும்புத் தூளுக்கும் ஆனது. கரித்துகள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்; ஃபில்டரைத் தாராளமாகத் தாண்டிப் போய்விடும். அதைக் கையாள்வது ஆயிலிலேயே கலந்திருக்கும் டிஸ்பெர்சன்ட் என்ற மருந்து. அதன் ஒரு முனை கரியைப் பற்றும். மறுமுனை எண்ணெயோடு ஒட்டி நிற்கும். ஒவ்வொரு துகளையும் தனித்தனியே சூழ்ந்துகொண்டு, இன்னொரு துகளோடு சேர்ந்து கட்டியாகாதபடி மிதக்கவைக்கும். கூடவே இருக்கும் டிடர்ஜென்ட், பிஸ்டனில் படிவதைத் தடுத்து, டீசலில் உள்ள கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தையும் முறிக்கும். ஆயிலின் நிறம் இந்த வேலையின் அடையாளம். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கரியே அதைக் கறுக்கவைக்கப் போதும்.

இந்த மருந்துகள் வராத காலத்தை நினைத்துப் பாருங்கள். 1930-களில் கேட்டர்பில்லர் டிராக்டரின் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் ரிங்குகள் காடியிலேயே இறுகி ஒட்டிக்கொண்டன. அந்தத் தொல்லைக்கு வழி தேடியபோதுதான் டிடர்ஜென்ட் கலந்த டீசல் எஞ்சின் ஆயில்கள் பிறந்தன. அழுக்கை ஏந்தத் தெரியாத ஆயில் பார்வைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது ஏந்தாத அழுக்கு எஞ்சினுக்குள் எங்கோ படிந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

இனி என் சமயத்துக்கு வருகிறேன். பாற்கடலைக் கடைந்தபோது ஆலகால நஞ்சு எழுந்தது. தேவர்கள் ஓடினார்கள், அசுரர்கள் ஓடினார்கள். ஏற்றவர் சிவன் ஒருவர்தான். நஞ்சை அவர் துப்பவும் இல்லை, வயிற்றுக்குள் விடவும் இல்லை. கண்டத்தில் நிறுத்தினார், கண்டம் கறுத்தது. அந்தக் கறையை நாம் துடைத்து வைத்துப் பூசை செய்யவில்லை. கறையோடேயே கும்பிடுகிறோம். பிரதோஷ வேளையில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே பார்த்து வணங்குவது அந்த நிகழ்வின் நினைவில்தான். தூய்மைக்கெல்லாம் தூயவன் என்று நாம் சொல்கிறவனின் திருமேனியில் பளிச்சென்று தெரிவது ஒரு கறை என்றால், அழுக்குப் படாமல் விலகி நிற்பதைத் தூய்மை என்று சைவன் எப்படிச் சொல்ல முடியும்?

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இதை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோகிறது. உடம்பும் கரணங்களும் மாயையிலிருந்து வந்தவை; மாயையும் ஒரு மலம். மலத்தைக் கொண்டு மலத்தை எப்படிக் கழுவுவது என்ற கேள்வியை எழுப்பி, துணி வெளுப்பவர் சாணியையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றித்தானே அழுக்கை நீக்குகிறார் என்று அருணந்தி சிவாச்சாரியார் விடை சொல்கிறார். எங்கள் பட்டறையில் இதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம். கையில் ஏறிய கிரீஸ் தண்ணீருக்குப் போகாது. டீசலை ஊற்றித் தேய்ப்போம். பிறகு மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டு அந்த டீசலைக் கழுவுவோம். அழுக்கை எடுக்க வருவது அழுக்கோடு கலக்கத்தான் வேண்டும்.

ஆனால் இறைவனுக்கும் ஆயிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவன் தாங்குவதற்கு எல்லை இல்லை, ஆயிலுக்கு உண்டு. டிஸ்பெர்சன்ட் தீர்ந்துபோனால் கரி கட்டிபிடிக்கும், ஆயில் கெட்டியாகும், வால்வுப் பக்கம் தேய்மானம் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், நன்றாக உழைக்கும் ஆயிலும் கறுப்பு, உழைத்து ஓய்ந்த ஆயிலும் கறுப்பு. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். கறுப்பு சீராக விரிந்து போனால் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் குவிந்து நின்றுவிட்டால் அதன் வேலை முடிந்தது. வெண்மையும் நம்பத்தக்கதல்ல. பால் கலந்த மாதிரி வெளுத்த ஆயிலைக் கண்டால் மெக்கானிக்குக்கு வயிறு கலங்கும். ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்தப் பழக்கம் ஆயிலோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மனிதரிடமும் அது தொடர்கிறது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் சிவனடியார் நந்தனார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவரும் அவர்தான். அவர் கொடுத்த பொருள் உள்ளே போயிற்று. தீண்டாமையால் அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் இறைவன் விலகச் சொன்னது அவர் பார்வையை மறைத்த நந்தியை. நந்தனாரைப் பார்த்து, நீ குளித்து வா, நீ மாறி வா என்று அங்கே சொல்லவில்லை. தில்லையில் அவர் புகுவதற்காக மூட்டிய தீயைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பொருள் சொல்வார்கள். நான் திருப்புன்கூரோடு நிற்கிறவன். மறைத்தது எதுவோ அதுதான் நகர வேண்டும்.

அதே வேளையில் அழுக்கைத் தாங்குவதே பெருமை என்று பாடிவிட்டு ஒதுங்குவதும் பாவம். நீலகண்டன் கண்டத்தில் நிறுத்திய பிறகும் நஞ்சு நஞ்சுதான். ஆயிலில் மிதக்கும் கரியும் அப்படியே. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய ஆயில் தோலில் நாள்தோறும் ஊறுவதும் கேடு. அழுக்கை எடுக்கும் மனிதருக்கும் எல்லை உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரைப் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே வந்தது. அதன் பிறகும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். எல்லை உள்ள மனிதரை எல்லையில்லாதவர் போல நடத்துவதைத் தொண்டுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்ல முடியாது. ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு வைத்து ஓய்வு கொடுக்கும் நாம், நம் அழுக்கை எடுக்கும் மனிதருக்கு அந்தக் கணக்குக்கூட வைப்பதில்லை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் சொல் இதுதான்: ஆயில் கறுத்தால் சந்தேகப்படாதீர்கள், கணக்குப்படி நேரத்துக்கு மாற்றுங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் வேலைப் பையன்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். கோயிலில் திருநீறு கொடுக்கும் அன்பர்களே, எங்கள் உள்ளங்கை ரேகைகளில் கரி நிற்கும்; எத்தனை முறை தேய்த்தாலும் அது முழுதாகப் போகாது. நீட்டிய கையில் தயங்காமல் இடுங்கள். கறைக்கண்டனைக் கும்பிடுகிறவருக்கு அதில் கூச்சம் இருக்க நியாயமே இல்லை.