வளர்ச்சியாவது யாது?

ஒரு சமயத்தார் வளர்ந்தனரென்று சொல்லும்பொழுது நாம் எதனை வளர்ச்சியென்கின்றோம்? ஆலயங்களின் தொகையையா, பாடசாலைகளின் தொகையையா, பெயரேட்டில் எழுதப்பட்ட தலைகளின் தொகையையா? பிறர் கைத்தாங்கலினாலே நிற்பதொன்றை வளர்ந்ததென்று கூறுதல் தகுமா? இவ்வினாவை நம்மவர் வரலாற்றினிடத்தே நேரே விடுப்பின் அபிமானம் கண்ணை மறைக்கும். ஆதலின், முதற்கண் அயலாரொருவர் வரலாற்றை எடுத்துக்கொள்வாம். மிஷன் பாடசாலையிலே கற்றுச் சைவப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எனக்கு அவ்வரலாறு இளமைதொட்டே செவிப்பட்டது. அது நம்மையும் நோக்கிப் பேசுவதென்பது பிற்காலத்திலேதான் விளங்கிற்று.

டென்மார்க்கு அரசனாகிய நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, சீகன்பால்கு, புளுச்சோ என்னும் ஜேர்மானியர் இருவர் 1706-ஆம் ஆண்டு யூலை மாசத்திலே, சோழநாட்டுக் கடற்கரையில் டேனியருக்கு உரியதாயிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவ்வூரை ஆண்ட டேனிய அதிகாரிக்கே அவர் வரவு உவப்பன்று. சீகன்பால்கு நான்கு மாசம் சிறையிலும் கிடந்தார். அவர் தமிழ் கற்ற விதம் ஆசிரியராகிய நாம் கருதத்தக்கது. ஓருபாத்தியாயரை மாணாக்கரோடு தம்மிடத்துக்கு வருவித்து, அச்சிறுவரோடு தாமும் தரையிலிருந்து மணலிலே எழுத்தெழுதிப் பழகினார். கற்க வேண்டியவன் கீழே இருத்தல் வேண்டுமென்பதை அவர் அறிந்திருந்தார். 1713-ஆம் ஆண்டளவிலே அங்கே தமிழ் அச்செழுத்து வந்தது. 1715-இலே புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவர் இறந்தது 1719-இலே, முப்பத்தாறாம் வயதில்.

அச்சபையின் முதற் கனி யாரென்று பார்ப்போமாயின், 1707-இலே ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் அவ்வூர் டேனியர் வீடுகளிலிருந்த அடிமைகள். தலைவன் சமயத்தை வேண்டாமென்று சொல்லும் சுதந்தரம் அவர்களுக்கு எத்துணையிருந்தது? இதனைக் கேளாது அவ்வைந்தையும் வளர்ச்சியின் முதலெண்ணாக எழுதிவிடுதல் எளிது.

இனிப் பொருளுதவியைப் பற்றிய ஒரு செய்தி. சீகன்பால்கு நம்மவரிடத்துக் கேட்டும் ஏடுகளைப் படித்தும் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, 1713-இலே ஆல்லே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே மிஷனுக்குப் பெருந்துணையாயிருந்த பிராங்கே என்பவர் அதனை அச்சிட ஒருப்படவில்லை. புறச்சமயத்தை அழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிலே பரப்புதல் ஆகாதென்பது அவர் கருத்து. அந்நூல் 1867-இலேதான் சென்னையில் அச்சேறியது. அதிலே நம் சமயத்தைப் பற்றிய பிழைகளும் உள. ஆயினும் கண்டதைக் கண்டவாறு எழுத முயன்றவனை, தூரத்திலிருந்து பணம் தருபவன் தடுத்தான் என்பதே ஈண்டு வேண்டுவது. தாங்கும் கை நாவையும் பற்றிக்கொள்ளும்.

1733-இலே முதற் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன் என்பவர் கூடலூரிலே சைவக் குடியொன்றிற் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம். ஊரூராகச் சென்று சபையைக் காத்தவர் அவரும் அவர்போன்ற உபதேசிமாருமே. எனினும் ஒரு தமிழர் அச்சபைக்கு அத்தியட்சராகுதற்கு அதன்மேல் 223 ஆண்டு சென்றது.

சாதியைப் பற்றிய செய்தியோ இன்னும் கசப்பானது. 1833-இலே ஆங்கில அத்தியட்சராகிய வில்சன் என்பவர், தம் ஆணைக்குட்பட்ட சபைகளிலே சாதிவேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமென்று கட்டளையிட்டார். தஞ்சாவூர் முதலிய இடங்களிலே பலர் அதற்கு உடன்படவில்லை. பின்பு தரங்கம்பாடி மிஷனை ஏற்ற லைப்சிக்கு மிஷனார், சாதி உலகவழக்கென்றும் அது மெல்லமெல்லத் தேயுமென்றும் கொண்டனர். பிணங்கினவருட் சிலர் இவர்பாற் சேர்ந்தனர். ஏடு நிறைந்தது. சமமாயிருக்க ஒருப்படாதவர் வந்து சேர்ந்தமையால் நிறைந்த ஏட்டை எங்ஙனம் படிப்பது? அம்மிஷனின் தலைவராயிருந்த கிரவுல் என்பவர் திருக்குறளை ஜேர்மன் மொழியிலே பெயர்த்த பேரறிஞர். பிறப்பொக்குமென்னும் நூலை அத்துணை ஊன்றிக் கற்றவரே சாதியைப் பொறுத்தாரென்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆயினும் இதனைச் சொல்லி நகைத்தற்கு நமக்கு உரிமையில்லை. அந்நூல் நம் வீட்டு நூல். நம்முடைய பாடசாலை வாயில்களோ நெடுங்காலம் எல்லாச் சிறுவர்க்கும் திறந்திருந்தனவல்ல.

1914-இலே யுத்தம் மூண்டது. ஆங்கில ஆட்சியிலே ஜேர்மானியர் பகைவராயினர். போதகர் காவலில் வைக்கப்பட்டுப் பின் நாடுகடத்தப்பட்டனர். இருநூறாண்டு தாங்கிய கை ஒரு கட்டளையாலே போயிற்று. சுவீடன் மிஷனார் துணைநின்றனராயினும், 1919-இலே தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையென்னும் பெயரோடு அது தன் காலில் நிற்கத் தொடங்கிற்று. 1921-இலே வந்த முதல் அத்தியட்சரும் அவர்பின் வந்த இருவரும் சுவீடன் தேசத்தார். 1956-இலே இராஜா பூஷணம் மாணிக்கம் அப்பதவி ஏற்றார். அச்சபையின் வளர்ச்சியை எழுதுவோர் 1706-இலே தொடங்குவர். யானோ அதனை 1914-இலே தொடங்கி எழுதுவேன். அதற்கு முன்னுள்ளது நடுதல். வேர் ஓடிற்றா என்பது தாங்குகோலைப் பிடுங்கியபொழுதன்றோ தெரிந்தது?

நம்மிடத்தும் கோல் பிடுங்கப்பட்டதுண்டு. ஆறுமுக நாவலர் 1848-இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மிஷன் பாடசாலையிலே தாம் கண்ட முறைகளுள் நல்லனவற்றைச் சைவத்துக்குக் கொண்டனர். பொருளுக்கு நம்மவரையே வேண்டினர். 1888-இலே சைவபரிபாலன சபையும், 1923-இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் எழுந்தன. சங்கத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் உண்டாயின. அவற்றுக்கு அரசினர் நன்கொடையும் வந்தது. 1960-இலும் 1961-இலும் இயற்றப்பட்ட சட்டங்களாலே உதவிபெறும் பாடசாலைகள் அரசினர் கைக்குச் சென்றன. கட்டடமும் சம்பளமும் மிஞ்சின. தரங்கம்பாடிச் சபையார் பணமும் தலைவரும் போனபின் எஞ்சியதைக்கொண்டு ஒரு சபை செய்தனர். நாம் எஞ்சியதைக்கொண்டு செய்ததென்ன? காலைத் தேவாரம் நேரசூசியிலே இருக்கின்றது. சைவநெறி பரீட்சைப் பாடமாயிருக்கின்றது. நூலை அரசினரே அச்சிட்டுத் தருகின்றனர். இவையனைத்தும் நன்றே. அந்தக் கோலையும் ஒருநாள் ஒருவர் பிடுங்குவாராயின்?

சென்ற ஆண்டு சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின், என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரைத் தேர்முட்டியடியிலே கண்டு, சைவநெறிப் புத்தகம் இப்போது எங்கேயென்று வினவினேன். ஒருவன் தம்பிக்குக் கொடுத்துவிட்டேனென்றான். மற்றையோர் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தனர். நானும் வேறு பேச்செடுத்தேன்.