அரிய பறவை வந்ததென்னும் செய்தி

அரிய பறவையொன்று எங்கேனும் தென்பட்டால் அச்செய்தியை உடனே நமக்கு அறிவிக்கும் ஏற்பாடுகள் இன்று பல உள்ளன. அவற்றுள் எதனை ஏற்பது என்னும் வினா, மேலோடு பார்ப்பவர்க்கு வசதியைப் பற்றிய சிறு வினாவாகத் தோன்றும். சற்று நின்று நோக்கினால், அது வாய்மையையும் வேட்கையையும் பற்றிய அறவினா என்பது புலனாகும். உயிர்க்கு ஊறு செய்யாமையை முதற் சீலமாக ஏற்றுக்கொண்ட நாம் அதனை ஆராய்வது தகும்.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். நகரின் தென்புறத்தே வெள்ளாயணி ஏரியும், அதனை அடுத்த புஞ்சக்கரி வயல்களும் உள்ளன. குளிர்காலத்தில் வடபுலத்து நாடுகளினின்றும் உள்ளான்களும் வாலாட்டிகளும் நெடுந்தொலைவு பறந்து வந்து அங்கே இரை தேடுகின்றன. கிழக்கே பொன்முடியும் அகத்தியர் மலையும் நிற்கின்றன. அம்மலையே பழந்தமிழர் போற்றிய பொதியில். பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று உரைக்கின்றது. அவலோகிதர் உறையும் போதலகம் இப்பொதியிலே எனக் கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். கருணையின் திருவுருவமாகிய போதிசத்துவரோடு சேர்த்து எண்ணப்படும் மலையடியில் வாழும் பறவைகளைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

இந்நாட்டுப் பறவைகளை ஆராய்ந்தோர் வரலாறும் நீண்டது. பெர்குசனும் பூர்டில்லனும் திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி 1903-1904 ஆண்டுகளில் எழுதினர். 1933-இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி அரசுகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அதன் முடிவுகள் நூலுருவம் பெற்றது 1953-இல். அக்காலத்தில் ஒரு பறவையைக் கண்ட செய்தி பிறரை அடைய ஆண்டுகள் ஆயின. பறவையை ஐயமற அறிவதற்கு அதனைச் சுட்டு வீழ்த்துவதும் அறிஞரிடையே வழக்கமாய் இருந்தது. இன்று துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றுள்ளது. செய்தியோ சில நொடிகளில் பரவுகின்றது. ஆதலால் ஊறு நீங்கிவிட்டது என்று நாம் அமைதியுறலாமா? ஊறு உருமாறியதேயன்றி முற்றும் ஒழியவில்லை.

இன்றைய ஏற்பாடுகள் எவை? கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபன் சங்கமும் 2002-இல் தொடங்கிய 'இ-பேர்ட்' என்னும் பதிவேடு உலகெங்கும் வழங்குகின்றது. பறவை நோக்குவோர் தாம் கண்டவற்றை அதில் பதிகின்றனர். அப்பதிவுகளினின்றும் இருவகை அறிவிப்புகளை மின்னஞ்சலில் பெறலாம். ஒன்று, குறித்த வட்டாரத்தில் வழக்கத்திற்கு மாறாகத் தென்பட்ட பறவைகளைப் பற்றியது. அதனை நாள்தோறும் பெறலாம், மணிதோறும் பெறலாம். மற்றொன்று, நம் பட்டியலில் இன்னும் இடம்பெறாத பறவைகளைப் பற்றியது. இவையன்றி, நண்பர்கள் கூடி அமைத்துக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. அவற்றில் பறவையின் படமும், அது அமர்ந்திருக்கும் இடத்தின் குறியும் அந்நொடியே வந்து விழும்.

அறிவிப்பு என்பது ஒரு சொல்லே. எனவே அதனை நல்வாய்மையின் அளவுகோலால் அளப்போம். சொல்லும் சொல் உண்மையாயும், காலமறிந்ததாயும், பயனுடையதாயும், அன்புள்ளத்தினின்று பிறந்ததாயும் இருத்தல் வேண்டும் என்பது பகவன் புத்தர் வகுத்த நெறி.

முதலில் உண்மை. இ-பேர்ட்டில் அரிதென வரும் பதிவுகளை அவ்வப் பகுதியை நன்கறிந்த தன்னார்வலர்கள் ஆய்கின்றனர். உறுதிசெய்யப்பட்டது எது, செய்யப்படாதது எது என்பதை அறிவிப்பே காட்டுகின்றது. குழுவில் வரும் செய்திக்கு அத்தகைய காவல் எப்போதும் இராது. மங்கிய படமொன்றை நம்பி நாற்பது பேர் வயலில் இறங்கியபின், அது வழக்கமான பறவையே என்று தெளிவதால் மிதிபட்ட வரப்பு எழுந்துவிடாது.

அடுத்தது காலமும் பயனும். உண்மையாயும் பயனுடையதாயும் இருக்கும் சொல்லுக்குங்கூடத் ததாகதர் உரிய காலம் பார்த்தார் என்பது அபயராசகுமார சூத்திரத்தின் கருத்து. உண்மை என்பது மட்டுமே உடனே உரைப்பதற்குப் போதிய காரணம் ஆகாது. கேரளக் காடுகளில் வாழும் தவளைவாயன் என்னும் பறவையைக் கருதுவோம். அது பகற்பொழுதில் தன் இணையோடு சருகுபோல் அசையாது கிளையில் உறங்கும். அடுத்தடுத்த நாள்களிலும் அதே கிளைக்குத் திரும்புவதும் உண்டு. அவ்விடம் ஒருமுறை வெளியானால், பல நாள் பலர் வந்து அதன் உறக்கத்தைக் குலைக்கலாம். நெடும்பயணத்தால் இளைத்து வந்த பறவையோ, உடலில் சேர்த்த கொழுப்பையே உயிர்மூச்சாகக் கொண்டது. படத்திற்காக அதனை எழுப்பும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பு குறைகின்றது. வந்தவர் எவரும் கல்லெறியவில்லை. ஆயினும் பறவை இளைத்துப்போகின்றது.

கூட்டம் எவ்வளவு பெருகும் என்பதற்குப் பிற நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. 1989-இல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், லார்க்பீல்டு என்னும் ஊரின் குடியிருப்புப் பகுதியில், வட அமெரிக்காவுக்குரிய பொற்சிறகுக் கதிர்க்குருவி ஒன்று காணப்பட்டது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அச்சிறு குருவியைக் காணத் திரண்டனர். கைப்பேசி பரவாத காலத்திலேயே இந்நிலை எனில், இன்றைய நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'செய்தியை மறைத்தால் பறவை பிழைக்குமோ? எவரும் அறியாத சதுப்பு நிலத்தை எவரும் அறியாமலே மண்ணிட்டு நிரப்பிவிடுவரே!' என்பர். இம்மறுப்பு வலிமையுடையது, அதனை நாம் புறக்கணிக்கலாகாது. கேரளத்தில் நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கும் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், ஒரு வயலின் மதிப்பை எடுத்துக்காட்ட அங்கே வாழும் உயிர்களின் கணக்கு வேண்டும். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதும் முறையாகச் சுற்றிக் கேரளப் பறவை வரைபடத் தொகுப்பை உருவாக்கினர். அதில் 361 இனங்கள் பதிவாயின. அத்தகைய உழைப்பு பறவைக்குக் கேடயம் ஆகின்றது.

ஆகவே பதிவையும் அழைப்பையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பதிவு என்பது அறிவுக்காக. அது பொறுமையுடன் காத்திருக்கும். அழைப்பு என்பது காண்பதற்காக. அது 'இப்பொழுதே வா' என்று விரைவுபடுத்தும். மாமன்னர் அசோகர் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் பொறித்த தூண் சாசனத்தில் கிளி, பூவை, அன்னம், சக்கரவாகம் முதலியவற்றைப் பெயர் கூறிக் கொல்லாமைக்கு உரியனவாக்கினார். பறவைகளின் பெயரை நாடறியச் செய்தது அவற்றைக் காத்தற்பொருட்டே. அசோகர் விட்ட அறிவிப்புப் பதிவையும் காவலையும் சேர்ந்தது, அழைப்பைச் சேர்ந்ததன்று. இ-பேர்ட்டும், வேட்டையாலோ கூட்டத்தாலோ இடர்ப்படக்கூடிய சில இனங்களின் பதிவை ஏற்றுக்கொண்டு, அவற்றின் சரியான இடத்தைப் பொதுமக்கள் பார்வையினின்று மறைத்து வைக்கின்றது. பேசத் தெரிந்ததோடு மௌனமும் தெரிந்த ஏற்பாடே நம் நம்பிக்கைக்கு உரியது.

இனி நம் உள்ளத்தை நோக்குவோம். 'உன் பட்டியலில் இல்லாதது இங்கே இருக்கின்றது' என்று நாள்தோறும் ஓர் அறிவிப்பு வருமாயின், அது நமக்கு அறிவிப்பது பறவையையா, நம் குறையையா? வேட்கை தானே வளர வல்லது. அதற்குத் தினந்தோறும் மடல் எழுதி நீர் வார்க்க வேண்டுவதில்லை. மேலும் 'அரிது' என்பது பறவையினிடத்தே உறையும் குணம் அன்று. இடமும் காலமும் சார்ந்து தோன்றுவது. சார்பினால் தோன்றுவதைத் தன்னியல்பென்று மயங்கலாகாது என்பது நாம் கற்ற தம்மம். அசம்பு மலைச் சிரிப்பான் என்னும் பறவை, அச்சங்கோவில் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. பொன்முடியில் அது வழக்கமாகத் தென்படுவதாலேயே உள்ளூர் அரும்பறவை அறிவிப்பில் இடம்பெறாது போகும். வேறு நாடுகளில் மலிந்த ஒன்று வழிதவறி இங்கு வந்தால், நகரே அதன்பின் ஓடும். அறிவிப்பையே கண்ணாகக் கொண்டவன் தன் மலையின் தனிச் செல்வத்தைக் காணாது கழிவான்.

அம்புபட்டு வீழ்ந்த அன்னம் எவர்க்கு உரியது என்று சித்தார்த்தருக்கும் தேவதத்தனுக்கும் வழக்கு நேர்ந்த கதையை நம் சிறுவரும் அறிவர். வீழ்த்தியவனுக்கன்று, காத்தவனுக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. பட்டியலில் சேர்த்துவிட்டதால் பறவை நமக்கு உரியதாகிவிடாது என்பதையும் அக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

ஆதலின் நம் அன்பர்களுக்கு நாம் உரைப்பது இது. மணிதோறும் வரும் அறிவிப்பை விடுத்து, நாளுக்கு ஒருமுறை வருவதை ஏற்பீராக. ஓரிரவு காத்திருக்க இயலாத ஆசை, காத்திருக்கக் கற்க வேண்டிய ஆசையே. தம் மாவட்டத்து அளவில் அதனை வரையறுத்துக்கொள்வீராக. இல்லாதவற்றை எண்ணிக் காட்டும் அறிவிப்பைத் தவிர்ப்பீராக. குழுவில் சேர்வதாயின், கூட்டின் இடத்தையும் உறங்கும் கிளையையும் வெளியிடுவதில்லை என்னும் விதி அங்கே உண்டா என்று முதலில் கேட்பீராக. இல்லையெனில், அவ்விதியை முன்மொழிவீராக. தாமே அரிய பறவையைக் காணும் பேறு வாய்த்தால், அது பறந்து சென்றபின் பதிவு செய்வீராக. பதிவு அதனால் பொய்யாவதில்லை. பறவையும் அதனால் துன்புறுவதில்லை.