கரை வேட்டியும் முட்டையும்

ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று எங்கள் தெருப் பெரியவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சலித்துக்கொள்வார்கள். ஓட்டையும் பொன்னையும் ஒன்றாகப் பார்ப்பது துறவிக்கு அழகு. மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் அந்தப் பார்வையைக் கடன் வாங்குவதுதான் எனக்கு இடிக்கிறது.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இடமாறுதலுக்குக் கை நீட்டியவர்கள் இரண்டு கட்சிக் கரை வேட்டியிலும் இருந்தார்கள். அந்த மட்டில் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது சத்துணவில் முட்டை கிடையாது. 1989-இல் கருணாநிதி, இரண்டு வாரத்துக்கு ஒன்று கொடுத்தார். அன்று ஒரு சிறுமி வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைத் தம்பிக்கென்று பாவாடை ஓரத்தில் முடிந்துகொண்டாள். சோறு மட்டும் இருந்த தட்டும் முட்டை வைத்த தட்டும் ஒன்றுதான் என்று எந்த வேதாந்தியாவது அவளிடம் போய்ச் சொல்லட்டும்!

பின்னால் ஜெயலலிதா கலவை சாதம் சேர்த்தார். 2022-இல் ஸ்டாலின் காலைச் சிற்றுண்டி கொண்டுவந்தார். சத்துணவையே நிறுத்த எவருக்கும் துணிவு வரவில்லை. எதிராளி மேடை போட்டுப் பேசிவிடுவாரே. அது கருணையா, பயமா? எனக்குக் கவலையில்லை. நோக்கத்தை விசாரித்துவிட்டா வயிறு நிறைகிறது? இரண்டு கட்சிக்கும் ஒரே சாயல் வந்ததே இந்தப் பயத்தால்தான். ஒரே ஒரு கட்சி மட்டும் இருந்திருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையோடு கணக்கை முடித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.