நாளைக்கு என்றொரு நல்லவன்

நண்பர் ஒருவர். வயது 46. வருடத்துக்கு மூன்று முறை டயட் ஆரம்பிப்பார். ஜனவரி 1, பிறந்தநாள், அப்புறம் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வருகிற நாள்!

போன முறை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், ''சர்க்கரை இன்னும் வரலை சார். ஆனா, வாசல்ல வந்து நிக்குது'' என்றார். நண்பருக்கு வியர்த்துவிட்டது. அவருடைய அப்பா சர்க்கரை நோயால் கால் விரல்கள் இரண்டை இழந்தவர். தினமும் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்றவர் இவர்.

அந்தப் பயம் எத்தனை நாள் தாங்கியது தெரியுமா? ஆறு வாரம். டெஸ்ட்டில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. கூடவே பயமும் இறங்கியது. மிக்சர் டப்பா மறுபடி அலமாரியில் ஏறியது.

கெடுதல் என்று தெரிந்தும் மனுஷன் ஏன் செய்கிறான்? நிஜமாகவே தெரிந்தவன் செய்ய மாட்டான் என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டில் இதை அப்படியே ஏற்கவில்லை. தெரிந்தும் சறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், திரும்பத் திரும்பச் செய்வதுதான் குணமாகிறது என்பது அவர் கட்சி. என் ஓட்டு அரிஸ்டாட்டிலுக்கு!

பயம், வெட்கம், மச்சினன் கல்யாணத்துக்குள் இளைக்கணும் என்கிற வேகம்... எல்லாவற்றுக்கும் காலாவதி தேதி உண்டு. பல் தேய்க்க யாராவது உற்சாகம் தேடுகிறோமா என்ன?

சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நம் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வெறும் பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் சீர்படுத்திக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்கு. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. நடை, சாப்பாட்டில் அளவு, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். வழிகாட்டப்பட்டும் 39 பேருக்கு வந்திருக்கிறது. ஆகவே, குண்டாக இருப்பவரையோ நோயாளியையோ பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரி, நண்பர் என்ன ஆனார்?

ஒருநாள் ராத்திரி பத்தரை மணி. டி.வி. முன்னால் மிக்சர். ஒன்பது வயசு மகள் வந்து நின்று, கிண்டலே இல்லாமல் கேட்டாள்: ''நாளைக்குத்தானேப்பா டயட்?''

''டாக்டர் சொன்னதைவிட அதுதான் சார் உறைச்சுது. 'நாளைக்கு'ன்னு ஒருத்தன் இருக்கான், அவன் நல்லவன், நடப்பான், கீரை சாப்பிடுவான்னு நானே நம்பிட்டு, என் கடனையெல்லாம் அவன் தலையில கட்டிட்டிருந்தேன். அவனும் நான்தானே? இதைத்தான் குழந்தையும் என்கிட்ட கத்துக்கிட்டிருக்கு!''

அதன் பிறகு அவர் சபதம் எதுவும் எடுக்கவில்லை. மிக்சர் வாங்குவதை நிறுத்தினார். சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, பொரியலில் ஒரு கரண்டி கூட்டினார். ஒரு ஸ்டாப் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார். கல்யாண வீட்டில் இரண்டு கப் பாயசம் சாப்பிட்ட மறுநாள், 'எல்லாம் போச்சு' என்று கைவிடாமல் வழக்கம்போல நடந்தார். பெரிய மாற்றம் அதுதான்.

இரண்டு வருடத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறார். ''இன்னும் டயட்லதான் இருக்கீங்களா?'' என்றேன்.

''டயட்டா? அதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே சார்!'' என்று சிரித்தார்.