பசியும் பொழுதுபோக்கும்

மீனைப் பிடித்து உண்பவன் கொடியவனா, பிடித்து விட்டுவிடுபவன் கொடியவனா? வினா விந்தையாகத் தோன்றலாம். உண்பவன் உயிரைப் போக்குகிறான். விடுபவன் உயிரை மீட்டுத் தருகிறான். எனவே பின்னவனே மேலோன் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடலாம். கொல்லாமையைப் பேரறமாகப் போற்றிய இலக்கிய மரபில் வந்த நமக்கு அத்தீர்ப்பு இயல்பானதே. ஆயினும் நுவரெலியா மலைகளின் குளிர்ந்த ஓடைகளை முன்வைத்து நோக்கும்போது விடை அத்துணை எளிதன்று.

அவ்வோடைகளில் ட்ரவுட் என்னும் மீன் வாழ்கிறது. அது இம்மண்ணில் தோன்றியதன்று. 1880களில் வெள்ளையர் தம் தாயகத்துப் பொழுதுபோக்கை இங்கும் நுகர விரும்பி, பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளைக் கடல்கடந்து கொண்டுவந்தனர். பின்னர் வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளுக்குரிய வானவில் ட்ரவுட் வந்து சேர்ந்தது. நிலைத்து வாழ்ந்தது அதுவே. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. ஈரப்பாசியிற் பொதிந்து, பனிக்கட்டியின் குளிர்ச்சியிற் காத்து, தாய் பிள்ளையைச் சுமப்பதுபோல் மீன்முட்டைகளைச் சுமந்த நூற்றாண்டு அது. அதே நூற்றாண்டில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடத்தி வரப்பட்டனர். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களைப் பொதிந்து காக்கப் பாசியும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை.

நிற்க. பேராதனையில் என்னோடு பயின்ற நண்பன் ஒருவன் இன்று ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தனாக இருக்கிறான். லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவன். ஓய்வுபெற்றுச் சென்ற துரை ஒருவர் விட்டுச்சென்ற பழைய தூண்டிற்கோல் அவன் கைக்கு வந்தது. கூடவே அந்த வித்தையும் வந்தது. சென்ற பங்குனியில் ஒருநாள், முறைப்படி அனுமதி பெற்று, அம்பேவெலைப் பக்கத்து ஓடையொன்றுக்கு என்னை அழைத்துச் சென்றான்.

அவன் செய்ததை நுணுக்கமாகச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் அறவினா அந்த நுணுக்கத்திலேதான் அடங்கியிருக்கிறது. முள்ளில் புழு இல்லை. சேவலின் கழுத்திறகும் சிறிது மயிரும் நூலும் சுற்றி, நீரின்மேற் பறக்கும் பூச்சியொன்றின் உருவத்தை அவன் முதல்நாள் இரவே சமைத்திருந்தான். அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீசப்படுவது கனத்த நூல்தான்; பொய்ப்பூச்சி அதன் பின்னே செல்கிறது. நூல் தலைக்குமேல் பின்னோக்கி நீண்டு, ஒருகணம் தயங்கி, முன்னோக்கி விரிந்தது. பூச்சி தானே வந்து அமர்வதுபோல் நீரில் இறங்கியது. அழகான காட்சி என்பதை மறைப்பதற்கில்லை. முற்பகல் முழுவதும் எதுவும் அகப்படவில்லை. பனிமூட்டம் விலகியபின் ஒன்று பாய்ந்து கவ்வியது. கரைக்கு இழுத்து, கையை நனைத்துக்கொண்டு பற்றினான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேனியைக் காக்கும் வழுவழுப்பு அழிந்துவிடுமாம். முள்ளின் எதிர்நாக்கை அவன் முன்னரே குறட்டால் நசுக்கி வைத்திருந்தமையால் அது எளிதில் கழன்றது. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடிய அம்மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகச் சற்று நேரம் தாங்கிப் பிடித்து, பின் விட்டுவிட்டான்.

“பார்த்தாயா மச்சான், உன் கத்தரிக்காய்க் குழம்பில் மிதக்கிற கருவாட்டைவிட இது எவ்வளவோ புண்ணியம் செய்த மீன்” என்றான்.

நகைத்துவிட்டேன்; ஆனால் வாதம் வலுவுள்ளது. வலையில் அகப்பட்டு மூச்சுமுட்டிச் செத்த மீனை நான் விலைகொடுத்து உண்கிறேன். அவன் உண்பதில்லை, கொல்வதுமில்லை. இதற்கு என்ன விடை?

வள்ளுவர் தூண்டிலை விழுங்கிய மீனை எந்த அதிகாரத்தில் உவமையாக்கினார் என்பதை மாணவர்கள் அறிவார்கள். கொல்லாமையில் அன்று, புலால் மறுத்தலிலும் அன்று. சூதாட்டத்தைக் கடியும் அதிகாரத்தில். சூதில் வரும் வெற்றி, இரை என்று எண்ணி மீன் விழுங்கிய இரும்பை ஒத்தது என்பது அவர் கருத்து. அங்கே முன்னிற்பது சாவு அன்று, ஏமாற்று. பசித்த உயிரின் பசியையே அதற்குப் பகையாக்குவது அச்செயல். மலையகத்தார்க்கு இது விளக்கவேண்டிய செய்தியன்று. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள்சேர்த்த கதையைத் தாத்தாமார் வாயிலாகக் கேட்டே நாம் வளர்ந்தோம். அந்தப் பொய்யும் அழகாகக் கட்டப்பட்ட பூச்சிதான்.

மீனுக்கு நோவு உண்டா என்பது அடுத்த வினா. 2003இல் லின் ஸ்னெடன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும், இதே வானவில் ட்ரவுட்டின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசற்றிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தனர். அமிலம் ஏற்ற மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. இரை கொள்ளவும் தாமதித்தன. நோவை உணரும் நரம்புமுனைகள் அவற்றின் தலையில் உள்ளன என்பதும் நிறுவப்பட்டது. மனிதனுக்குள்ள மூளைப் புறணி மீனுக்கு இன்மையால் அதை நோவென்று கூறலாகாது என மறுப்போரும் உளர். மறுப்பு எனக்கு நிறைவு தரவில்லை. நம்மைப் போன்ற கருவி இல்லாதவர்க்கு நம்மைப் போன்ற உணர்வும் இராது என்ற தருக்கம், உயிரியலுக்கு அப்பாலும் நாம் கேட்டுப் பழகியதுதானே. கூலிக்குக் குளிர் தெரியாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

சுவிற்சர்லாந்து 2009 முதல், விட்டுவிடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதையே சட்டத்தால் தடுத்துள்ளது. உண்பதற்காகப் பிடி, இல்லையேல் பிடிக்காதே என்பதே அதன் சாரம். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும் இச்சட்டம் கூர்ந்து நோக்கின் நியாயமானது: நோவு தருவதற்குத் தேவை என்ற ஒரு காரணமேனும் வேண்டும் என்கிறது. 1653இல் தூண்டிற்கலையை அமைதியின் கலையாகப் புகழ்ந்து நூல் செய்த ஐசக் வால்டனைக் கவி பைரன் பின்னாளில் தம் ‘டொன் ஜுவான்’ காவியத்திற் கடுமையாகப் பரிகசித்ததும் இந்த இடத்தைத் தொட்டுத்தான்.

தேவை என்று சொன்னதும் கண்முன் நிற்பவர் தோட்டத்துப் பிள்ளைகள். 2016ஆம் ஆண்டு நாடளாவி நடத்தப்பட்ட மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். லயத்துக்குக் கீழே ஓடும் நீரில் புரதம் நீந்திக்கொண்டிருக்க, அது விளையாட்டுக்குரிய மீன், உண்பதற்குரியதன்று என ஒதுக்கிவைத்த ஏற்பாட்டை எந்த அறநூலால் நியாயப்படுத்துவது? ஓடை மீன் சோற்றுப் பஞ்சத்தைத் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. மலைநீரில் மீன் அத்துணை மிகுதியுமன்று. ஒதுக்கிவைத்த மனப்பான்மையையே குறிப்பிடுகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதை எழுப்பியவனும் நண்பனே. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒருவகை நன்னீர் இறால் வாழ்கிறது. அங்கே விடப்பட்ட ட்ரவுட் அவ்விறாலையும் தவளைக் குஞ்சுகளையும் இரையாக்கிக்கொள்ளக்கூடும் என்று இயற்கைநூலார் அஞ்சுகின்றனர். அவ்வாறாயின், ட்ரவுட்டை விட்டுவிடும் தயவு அங்கே இறாலின் கணக்கிலன்றோ எழுதப்படும்? “அந்நிய மீனை அழிப்பதுதான் அறம் என்று சொல்லிவிடலாமா?” என்று அவன் கேட்டபோது, அந்தச் சொல் என்னைச் சுட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றோர் ஆக்கியது அந்தச் சொல்லைக் கொண்டுதான். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை அந்தக் கரைக்கும் 3,00,000 பேரை இந்தக் கரைக்கும் எனப் பங்கிட்டதும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவைத்ததும் அதைக் கொண்டுதான். 2003இல் இயற்றப்பட்ட சட்டம் வரையில் அந்தக் கணக்கு நீண்டது. ஆயினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் தகாது. வந்தேறிய மீன் உள்ளூர் உயிரைத் தின்று வாழ்கிறது. வந்த தொழிலாளி காட்டைத் தோட்டமாக்கி நாட்டுக்குச் சோறு போட்டான். எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, வந்தபின் என்ன செய்கிறது என்று கேட்பதே நேரிய வினா. அவ்வினாவை மீனிடம் கேட்பதற்கு எனக்குத் தயக்கமில்லை.

லயத்தில் பிறந்தவன் துரையின் இன்பத்தைக் கைக்கொண்டான் என்பதற்காக நண்பனைக் குறைகூற நான் ஒருப்படேன். எட்டுமணி நேர வேலை கேட்டுப் போராடியவர்கள் ஓய்வையும் சேர்த்தே கேட்டார்கள். ஆற்றங்கரையில் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் உரிமை துரைமார்க்கு மட்டும் எழுதிவைத்ததன்று. அவ்வோடையை அவனைப்போல் அறிந்தவரும் இல்லை. களைநாசினி தெளித்து மழை பெய்த வாரத்தில் எந்தப் பூச்சி மறைந்தது, மரம் வெட்டியபின் எந்த மடுவில் நீர் சூடேறிற்று என்பனவெல்லாம் அவனுக்கு விரல்நுனியில். இந்த அறிவு முழுவதும் தூண்டிலால் வந்ததே என்பது அவன் கட்சி. வந்த வழி அதுவாயினும், இனி நிலைப்பதற்கு முள் வேண்டுவதில்லை என்பது என் கட்சி. மீன் வேண்டுமாயின் ஒன்றிரண்டைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடு. வேண்டாமாயின் அதன் வாயை விட்டுவிடு என்றேன்.

“வெறுங்கையோடு ஆற்றங்கரையில் போய் நிற்பதா?” என்றான்.

என் வகுப்பு மாணவர்கள் இருபது பேர் சித்திரை விடுமுறையில் அந்த ஓடைக்கு வர இருக்கிறார்கள். கல்லைப் புரட்டி நீர்ப்பூச்சிகளை எண்ணிப் பட்டியலிட அவனே கற்பிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்கிறான், கோலையும் கொண்டுவருவேன் என்கிறான். அந்த ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.