கணக்கு எழுதும் கை



வட்டி ஹராம் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வட்டிக் கணக்கை எழுதும் கையைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா? வட்டி உண்பவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய அனைவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் யாவரும் சமமே என்று எச்சரித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. மதரஸாவில் அதை ஓதியவர்கள்தாம் நாம். ஆயினும் அது நெஞ்சில் தைத்தது பரளச்சியில்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து பூமி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும். பொய்த்தால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதும் ஆடு வளர்ப்பதுமே பிழைப்பு. 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இங்கும் உண்டு. எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு உபகாரமாக இருக்கட்டுமே என்று, ஒரு குழுவுக்கு வாரந்தோறும் ஊதியமின்றிக் கணக்கு எழுத முன்வந்தோம்.

முதலில் சேமிப்புக் கணக்கு மட்டுமே. பிறகு குழுவுக்குள் கடன் கொடுத்தார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. அதற்கும் ஒரு பத்தி போட்டோம். “வட்டி வெளியே போகவில்லையே, குழுவுக்குத்தானே சேருகிறது!” என்று நம் மனத்துக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரு விதவைத் தாய் 5,000 ரூபாய் வாங்கி ஆடு பிடித்தார். ஆடு நோயில் மாண்டது. தவணைகள் தவறின. கூட்டத்தில் அவர் பெயரை உரக்க வாசித்தவர்கள் நாமே! “ஆலிம்சா, நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். மாசியில மிளகாப்பழம் எடுக்கையில கட்டிடுறேன்” என்று தலை குனிந்தார். நம் பேனாவோ அவர் பெயருக்கு நேரே வட்டியைக் கூட்டி எழுதியது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

குழுவின் வட்டி எல்லாருக்கும் பொது என்கிறோம். அடிக்கடி கடன் கேட்பவள் யார்? வறியவள். கடனே வாங்காமல் சேமிப்பவள் யார்? சற்று வசதியுள்ளவள். அப்படியானால் யார் பணம் யாருக்குப் போகிறது? கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது அதனினும் மேல் என்றும் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 280ஆம் வசனம் போதிக்கிறது. கடனை எழுதி வைக்கச் சொல்வதும் அதே அத்தியாயம்தான் (2:282). ஆகவே எழுதுவது குற்றமன்று. எதை எழுதுகிறோம் என்பதே கேள்வி!

சரி, நோட்டை மூடிவிட்டு விலகி விடலாமா? விலகினால் அந்தத் தாய் பத்து வட்டிக்காரனிடம் போவார். 5,000 ரூபாய்க்கு மாதம் 500. பத்து மாதத்தில் 5,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். 2003இல் சட்டம் வந்தும் கந்துவட்டி ஒழியவில்லை. ஹராம் என்று பயான் மட்டும் செய்துவிட்டு ஹலாலான வாசலைத் திறக்காமல் போனால் நாளை கியாமத்தில் நாம் என்ன பதில் சொல்வோம்?

அந்த வாசல்தான் கர்ளு ஹஸனா எனும் அழகிய கடன். 2001இல் லாகூரில் ஒரு பெண்ணுக்கு வட்டியில்லாமல் 10,000 ரூபாய் கொடுத்துத் தொடங்கியது அகுவத் என்னும் அமைப்பு. பள்ளிவாசல்களில் வைத்தே கடன் வழங்கி, மதம் பாராமல் லட்சக்கணக்கான குடும்பங்களை அது எட்டியிருக்கிறது. நம் மஹல்லாவில் சிறிய அளவிலாவது இயலாதா? 5,000 ரூபாயை வாரம் 100 வீதம் 50 வாரத்தில் திருப்பட்டும். ஒரு பைசாவும் கூடுதல் வேண்டாம். நோட்டு, பேனா செலவை ஜமாஅத் ஏற்கட்டும். தவணை தவறியவர் பெயரைச் சபையில் வாசிக்க வேண்டாம். முஸ்லிமான கடனாளி அறவே கட்ட இயலாதவரானால், ஸகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு என்பதை (9:60) மறவாதீர்கள்.

நாம் அந்த வட்டிப் பத்தியை எழுதுவதை நிறுத்தினோம். நண்பர்கள் சிலர் சேர்ந்து அந்தத் தாயின் பாக்கியை அடைத்து, அதையே அழகிய கடனாகப் புது நோட்டில் எழுதினோம். மாசியில் முந்தானையில் முடிந்து 200 ரூபாய் கொண்டு வந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார்.

வல்ல நாயன் நம் கைகளை வட்டியின் மையிலிருந்து காத்து, வறியோரின் சுமை இறக்கும் கைகளாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.