முகம் தெரியாதவரைத் திருத்துதல்

விடைத்தாளைத் திருத்துகிறோம்; பிள்ளையைத் திருத்துகிறோம்; கரம்பாகக் கிடந்த நிலத்தையும் திருத்துகிறோம். மூன்றுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டும் கலந்து போயிருப்பது யாரையும் உறுத்துவதில்லை. சிறுவனின் தாளில் படும் சிவப்பு மை சிறுவன் மீதும் படுகிறது என்பதை ஒழுக்கப் பயிற்சியின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாற்பது வயதில், பகல் வேலை முடித்து, வீடு அடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதி அனுப்புகிற ஒருவரின் தாள் முன்னால் இந்தச் சொல் தடுமாறுகிறது. அவரைத் திருத்த ஆசிரியருக்கு என்ன அதிகாரம்? அவரைத் தொடாமல் அவர் தாளை மட்டும் திருத்துவது சாத்தியமா? வயது வந்தோருக்குத் தொலைவிலிருந்து கற்பிப்பவரைத் தயார் செய்வது பற்றிப் பேசுகிறவர்கள் பாடத்திட்டம், சாதனங்கள், கால அட்டவணை என்று பேசுகிறார்கள். அடிப்படைப் பிரச்னை இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் கட்சி.

வகுப்பறையில் ஆசிரியர் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டால், எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்து அடுத்த வாக்கியத்திலேயே தணித்துக்கொள்ளலாம். தபாலில் அந்த வசதி கிடையாது. ஓரத்தில் எழுதிய குறிப்பு, எழுதியவர் அதை மறந்துவிட்ட பிறகு, எங்கோ ஒரு வீட்டில் தனியாகப் படிக்கப்படுகிறது. விளக்கம் சொல்ல அங்கே ஆளில்லை. திரும்பி வரும் தாள்தான் அந்த மாணவருக்கு ஆசிரியர், வகுப்பறை எல்லாம். எனவே மதிப்பீடு என்பது கற்பித்தல் முடிந்த பின் நடக்கும் சடங்காக இங்கே இருக்க முடியாது. பெரும்பாலும் கற்பித்தலே அதுதான்.

இதைப் புரிந்துகொண்டு செயல்பட்ட நிறுவனம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1963-ல் ஹரால்ட் வில்சன் இந்த யோசனையை முன்வைத்தபோது 'வானலைப் பல்கலைக்கழகம்' என்றார். ரேடியோவும் டெலிவிஷனும்தான் அதன் உயிர் என்று பலரும் நினைத்தார்கள். 1969-ல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் பாடங்கள் தொடங்கின. அதே மாதம் அந்நாட்டுத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஏழு வாரம் நீடித்தது. ஒலிபரப்புக்குத் தடையில்லை, தாள் போய் வருவதற்குத்தான் தடை. பல்கலைக்கழகத்தின் உயிர்நாடி எது என்பதை அந்த வாரங்கள் காட்டியிருக்கும். கம்ப்யூட்டர் திருத்தும் பயிற்சிகள் அங்கே ஆரம்பத்திலேயே இருந்தன. ஆசிரியர் படித்துத் திருத்துபவை தனி. கோடையில் ஒரு வாரம் நேரில் கூடினார்கள். இன்று கலப்பு முறை என்று புதுப்பெயர் சூட்டப்பட்டிருப்பதன் வித்து அது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆசிரியர் திருத்திய தாள்களில் சிலவற்றை இன்னொருவர் எடுத்துப் படிக்கும் ஏற்பாடு இருந்தது. மதிப்பெண் நியாயமானதா என்று மட்டும் அவர் பார்ப்பதில்லை; எழுதிய குறிப்பு எதையாவது கற்பிக்கிறதா என்றும் பார்ப்பார். திருத்துகிறவரும் படிக்கப்படுகிறார்.

தொலைவு என்பது மைல் கணக்கில் இல்லை என்றார் மைக்கேல் மூர். பாடத்தின் கட்டமைப்பு இறுக இறுக, உரையாடல் குறையக் குறைய, தொலைவு கூடுகிறது. ஒரே அறையில் இருந்துகொண்டே ஆயிரம் மைல் தள்ளி நிற்க முடியும் என்பது நம் கல்லூரிகளில் படித்த எவருக்கும் தெரிந்த சமாச்சாரம். பாவ்லோ ஃப்ரெய்ரே இந்தக் கல்வியை வங்கி முறை என்றார்: ஆசிரியர் போடுகிறார், மாணவர் வைத்துக்கொள்கிறார், பரீட்சையில் அதே தொகை திருப்பி எடுக்கப்படுகிறது. வங்கியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: வட்டி இல்லாமல் யாரும் டெபாசிட் போடுவதில்லை. வயது வந்தவர் தம் வாழ்க்கையிலிருந்து சேர்த்துத் தருவதுதான் அந்த வட்டி. விடைக்குறிப்பில் அதற்குப் பத்தி ஒதுக்கப்படவில்லை.

ஊட்டச்சத்துப் படிப்பு ஒன்றில் சேர்ந்த சத்துணவு அமைப்பாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கேள்விக்குப் பாடநூலின் பட்டியலைத் தராமல், தம் மையத்தில் குழந்தைகள் எதை ஒதுக்கிவைக்கிறார்கள், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதுகிறார். விடைக்குறிப்பின்படி மதிப்பெண் இல்லை. கொடுத்தால், பட்டியலை ஒழுங்காக எழுதிய நூறு பேருக்கு அநியாயம். கொடுக்காமல் விட்டு, 'கேள்விக்குப் பொருந்தவில்லை' என்று எழுதினால் இந்த ஒருவருக்கு அநியாயம். நியாயம் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்கிறது. கற்பித்தல் இவரைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. இந்த முரணைத் தீர்த்துவைக்கும் சூத்திரம் எதுவும் இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டு உண்மைகளையும் எழுதுவதுதான் ஆசிரியர் செய்யக்கூடியது: மதிப்பெண் இவ்வளவுதான், காரணம் இது, நீங்கள் எழுதியிருப்பது பாடநூலையே கேள்வி கேட்கிறது, அதை இன்னும் விரித்து எழுதுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், அது கோழைத்தனம் அல்லது பசப்பு.

பயிற்சி இங்கேதான் தவறிப்போகிறது. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஊக்கம் என்று அச்சு ஒன்று வார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது தாளில் மாணவர் அதைக் கண்டுகொள்வார். பிறகு உண்மையான பாராட்டையும் நம்பமாட்டார். இப்போது இயந்திரமே கனிவான குறிப்பை நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. அச்சு வார்த்த குறிப்பை எழுதி வந்தவரின் இடத்தை அது எடுத்துக்கொண்டால் மாணவருக்கு இழப்பு எதுவும் இல்லை. 'ஏன் இப்படி எழுதினீர்கள்?' என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். அவரைத் தயார் செய்வதுதான் கேள்வி.

1985-ல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987-ல் தொடங்கிய முதல் இரண்டு படிப்புகளில் ஒன்று மேலாண்மை. மற்றது தொலைநிலைக் கல்வியிலேயே ஒரு டிப்ளமா. கற்பிக்கப் போகிறவர் முதலில் அதே தொலைவில் மாணவராக உட்கார வேண்டும். எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் தம் தாளில் என்ன எழுதியிருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கையேடும் தரமுடியாத பாடம் இது. டிப்ளமா வாங்கியபின் இது மறந்து போகலாம் என்பதும் உண்மைதான். அதனால்தான் திருத்துகிறவர் தாமும் தொடர்ந்து படிக்கப்பட வேண்டியிருக்கிறது.

நம் விமர்சகர்களுக்கும் இதில் சேதி உண்டு. ஊர் தெரியாத கவிஞன் தபாலில் அனுப்பிய தொகுப்புக்கு நாம் எழுதும் நான்கு வரிகள் பெரும்பாலும் மதிப்பெண்கள்தாம். அவன் அதைத் தனியாகப் படிப்பான் என்பதும், நாம் எழுதியதை யாரும் திருத்துவதில்லை என்பதும் நம் கவனத்துக்கு வருவதில்லை.